அம்மாள் வந்த வீட்டுக்கு நோட்டீஸ் கொண்டு வாறவைக்கு

திருகோணமலை மாவட்டத்தில சுகாதாரப் பக்கம் வேலை செய்யிற ஐயாமார், மிஸ்மார், அவையோட சேந்து ஊர் ஊரா விழிப்புணர்வு செய்யிற தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் இந்த மாவட்டத்தில 30 வருசத்துக்குக் கிட்ட மிட்வைஃபா ஓடித்திரிஞ்சு பென்ஷன் எடுத்தவள். பேர் வேண்டாம். உங்கள்ல கொஞ்சப் பேர் கதையைப் பாத்தே ஆர் எண்டு பிடிச்சிருவீங்கள், பிடிச்சா பேசாம இருங்கோ.

போன கிழமை சந்தை வாசல்ல ஒரு போஸ்டர் பாத்தன். ஒரு வேப்பங்கொத்துப் படம், அதுக்குக் குறுக்கால சிவப்பில ஒரு கோடு, கீழ மூடநம்பிக்கையை ஒழிப்போம், கொப்பளிப்பானை மறைப்பது தண்டனைக்குரிய குற்றம் எண்டு கொட்டை எழுத்தில. கொப்பளிப்பான் எண்டா சின்னம்மை, சனம் அம்மாள் எண்டு சொல்லுறது. நான் வாசிச்சுக்கொண்டு நிக்கேக்க மீன் கூடையோட வந்த ஒரு அம்மம்மா அந்தப் படத்துக்கு முன்னால நிண்டு, கூடையை இறக்கி வச்சிட்டு, ரெண்டு கன்னத்திலயும் போட்டுக் கும்பிட்டுட்டுப் போறா. அவவுக்கு எழுத்துத் தெரியாது போல, வேப்பிலையைத்தான் கண்டவ. உங்கட போஸ்டருக்குச் செலவழிச்ச காசு அவ்வளவும் அந்த ஒரு கும்பிடோட போச்சு எண்டு சிரிச்சுக்கொண்டுதான் வீட்ட வந்தன், ஆனா இரவு நித்திரை வரேல்ல, அதுதான் இதை எழுதுறன்.

முதல்ல ஒரு பழைய கதை. நான் வேலைக்கு வந்த புதுசு, கொட்டியாரப் பக்கம் ஒரு மீன்பிடிக் கிராமம். ஒரு பொடியனுக்கு அம்மாள் வருத்தம் எண்டு தகவல், 24, 25 வயசிருக்கும், காய்ச்சல் விடுதில்ல, மூச்சு வாங்குது எண்டு ஆரோ வந்து சொல்லிப்போட்டினம். வளந்த ஆக்களுக்கு கொப்பளிப்பான் வந்து மூச்சு வாங்கினா அது விளையாட்டில்ல, சுவாசப்பை வரைக்கும் போயிருக்கும், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. நானும் ஒரு உத்தியோகத்தரும் போனம். படலையில வேப்பங்கொத்து கட்டிக்கிடக்கு. தாய்க்காரி வந்து நிண்டு சொன்னது ஒரே ஒரு வசனம்: "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ ஐயா, உள்ள அம்மாள் இருக்கிறா." நான் கழட்டிட்டன். அவர் கழட்டேல்ல. அவருக்கு லேஸ் கட்டின சப்பாத்து, வெயில், அவசரம், அதோட அந்த நேரம் அவருக்கு அது ஒரு மரியாதைப் பிரச்சினை. கையில இருந்த கடதாசியைக் காட்டி சட்டப்படி நீங்கள் இவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேணும், இல்லாட்டி கோட்ஸ் எண்டு சொன்னார். மனுசி ஒண்டும் பேசேல்ல, படலையைச் சாத்திட்டா. அடுத்த நாள் போனா வீடு பூட்டிக்கிடக்கு. இரவோட இரவா பொடியனை வள்ளத்தில ஏத்தி சொந்தக்காரர் வீட்ட கொண்டு போட்டினம். அங்க எட்டு மாசக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தவ. இதுக்கு மேல அந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமில்ல.

நான் அந்த உத்தியோகத்தரைக் குறை சொல்லேல்ல, அவர் சொன்ன சட்டம் பிழையுமில்ல. கொப்பளிப்பான் அறிவிக்க வேண்டிய வருத்தங்கள்ட லிஸ்ட்டில இருக்கு, தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம் 1897ல இருந்து இருக்கு. பிழை வேற இடத்தில. அந்த மனுசிக்கு ஒரு விசயம் தெரியாது, தெரிஞ்சா மாறிடுவா எண்டு நாங்கள் நினைச்சதுதான் பிழை. அவவுக்கு வைரஸ் எண்டு சொன்னா விளங்கும். அவவின்ர மூத்த மகள் ஏ.எல். எண்ட உயர்தரம் படிச்சவள், வீட்டில ரேடியோ இருந்தது. அவவுக்குத் தெரியாம இருக்கேல்ல, அவ ஒரு ஆளை வீட்டுக்குள்ள வச்சிருந்தவ. விருந்தாளி எண்டு வையுங்கோ, தாய் எண்டு வையுங்கோ. வீட்டுக்கு வந்த தாயை கடதாசியைக் காட்டி வெளியில போடச் சொன்னா ஆர் போடுவினம்? எங்கட பாசையிலயே பாருங்கோ, வருத்தம் வந்திருக்கு எண்டு சொல்லுறேல்ல, அம்மாள் வந்திருக்கிறா எண்டுதான் சொல்லுறம். போறதும் அவதான் போறா. இடையில நாங்கள் செய்யிறதெல்லாம் உபசரிப்பு. மீன் இறைச்சி அடுப்பில ஏத்துறேல்ல, தாளிக்கிறேல்ல, உரத்துக் கதைக்கிறேல்ல, வேற வீட்டாக்கள் வாறேல்ல, பொருக்கு உதிர்ந்து தலைக்குத் தண்ணி வாக்கிற வரைக்கும் வெளியில விடுறேல்ல. இதில கடைசி ரெண்டையும் நீங்கள் உங்கட பாசையில எழுதினா தனிமைப்படுத்தல் எண்டுதான் வரும். பொருக்கு வைக்கும் வரைக்கும் தொத்தும் எண்டுதானே உங்கட புத்தகத்திலயும் இருக்கு? அப்ப அந்தச் சிவப்புக் கோடு எதுக்கு மேல போட்டீங்கள் எண்டு கொஞ்சம் யோசிங்கோ.

ஆதாரம் காட்டினா மாறுவினம் எண்டு சொல்லுற தம்பிமாருக்கு ஒரு விசயம். அம்மாள் எண்டா முதல்ல பெரியம்மைதான், ஊரையே வாரிக்கொண்டு போன வருத்தம். இயற்கையா பெரியம்மை வந்த கடைசி ஆள் 1977ல சோமாலியாவில, 1980ல உலக சுகாதார நிறுவனம் அது உலகத்திலயே இல்ல எண்டு அறிவிச்சிட்டுது. இதை விடப் பெரிய ஆதாரம் மனுசனுக்குக் கிடைக்குமா? ஒரு ஊசி ஒரு வருத்தத்தை பூமியை விட்டே துடைச்சுப்போட்டுது. அந்தக் கணக்கில பாத்தா அம்மன் கோயிலெல்லாம் பூட்டுப்பட்டிருக்க வேணும். பூட்டுப்படேல்ல. அம்மாள் பேசாம கொப்பளிப்பானுக்கு மாறி வந்து இருந்திட்டா. ரெண்டும் சொந்தமே இல்லாத ரெண்டு வைரஸ், ஆனா வேப்பிலை அதே வேப்பிலை. நான் இதை என்ர அம்மாட்ட சொன்னனான், பெரியம்மை அழிஞ்சு போச்சு அம்மா எண்டு. அவ தேங்காய் துருவுறதை நிப்பாட்டாமலே சொன்னா: "ஓம், அவ கோபம் தணிஞ்சிட்டா." என்னட்ட மறுமொழி இல்ல. 1995ல பிள்ளையார் பால் குடிச்ச நேரமும் இப்பிடித்தான். உலகம் முழுக்க சனம் கரண்டியோட நிண்டது, விஞ்ஞானிகள் மேற்பரப்பு இழுவிசை எண்டு நிறம் கலந்த பால் விட்டே காட்டினவை. அம்மா கேட்டா, அவர் எப்பிடிக் குடிச்சா உனக்கென்ன.

சிரிக்கலாம். ஆனா இதே பிடிவாதத்தைத்தான் நாங்கள் எங்கட ஊரில பெருமையாவும் சொல்லுறம். 1622ல போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை உடைச்சு அந்தக் கல்லை எடுத்துக் கோட்டை கட்டினாங்கள். அதுக்குப் பிறகு 300 வருசத்துக்கு மேல அந்த மலையில கோயில் எண்டு ஒண்டும் இல்ல. கண்ணால பாத்தா கல்லும் கடலும்தான். சனம் என்ன செய்தது? வெள்ளைக்காரன் காலத்தில கோட்டைக்குள்ளால போய், மலை விளிம்பில நிண்டு, பூவையும் தேங்காயையும் கீழ கடலுக்குள்ள போட்டுக் கும்பிட்டது. அதைப் பாத்து எழுதி வச்ச வெள்ளைக்காரரும் இருக்கினம். கோயில் இல்ல எண்டிறது அவைக்கு ஒரு தகவல் மட்டும்தான். 1950ல டவுனுக்குள்ள கிணறு வெட்டேக்க புதைச்சு வச்ச விக்கிரகங்கள் வெளிய வந்தது, 56ல எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோட சுழியோடின மைக் வில்சனும் மலைக்குக் கீழ கடலுக்குள்ள கோயில் கல்லுகளைக் கண்டவை, 63ல கும்பாபிசேகம். பள்ளிக்கூட மேடையில இதைச் சொல்லேக்க கை தட்டுறம், படலையில வேப்பிலை கட்டின மனுசியைக் கண்டா மூடநம்பிக்கை எண்டுறம். ரெண்டும் ஒரே குணம்தான். மலையில நிண்டா பக்தி, மூண்டு பிள்ளையோட கிடுகு வீட்டில நிண்டா அறியாமை, அப்பிடித்தானே?

சட்டத்தால ஏலாது எண்டு சொல்லுறதுக்கு தூரப் போகத் தேவையில்ல. தமிழ்நாட்டில கோயில்ல ஆடு கோழி பலி குடுக்கக்கூடாது எண்டு 1950ல சட்டம் போட்டினம், அது 50 வருசம் கிடந்து தூங்கினது. 2003ல ஜெயலலிதா அதைத் தட்டி எழுப்பி இனி இறுக்கமா அமுல்படுத்துங்கோ எண்டு உத்தரவு போட்டா. என்ன நடந்தது? அடுத்த வருசமே சட்டத்தையே வாபஸ் எடுத்தாச்சு. சபரிமலையில 2018ல உச்ச நீதிமன்றம் எல்லா வயசுப் பொம்பிளையளும் போகலாம் எண்டு தீர்ப்புக் குடுத்தது, தீர்ப்பை எதிர்த்து ரோட்டில இறங்கினதில கனபேர் பொம்பிளையள், உரிமை வேண்டாம் நாங்கள் காத்திருக்கிறம் எண்டு. எனக்கு அவையோட உடன்பாடு இல்ல, எனக்குப் பலியும் பிடிக்காது, சின்ன வயசில ஒரு வேள்வியில நிண்டதுக்குப் பிறகு நான் ஆட்டிறைச்சி தொடுறேல்ல. ஆனா அவை காசு வாங்கிக்கொண்டு வந்து நிண்டவை எண்டு சொல்லுறவை அந்த முகங்களைப் பாக்கேல்ல. அது மெய்யான நம்பிக்கை. மெய்யான நம்பிக்கைக்கு சட்டம் எண்டா ஒரு சோதனை. சோதனை வந்தா பக்தி கூடுமே தவிரக் குறையாது, எங்கட புராணம் முழுக்க அதுதானே கதை. நீங்கள் கோட்ஸ் எண்டு சொன்ன அந்த நிமிசம் அந்த மனுசி தன்னை அந்தக் கதைக்குள்ள கண்டிருப்பா.

இப்ப ஒரு தம்பி கேப்பார், அப்ப உண்மையா நம்பினா எல்லாத்தையும் விட்டிடுறதா அக்கா எண்டு. இல்லத் தம்பி. 1968ல யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில கோயில் வாசலை மறிச்சு நிண்டவையும் உண்மையாத்தான் நம்பினவை, ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்தை உள்ள விட்டா சாமிக்குத் தீட்டு எண்டு. அதுக்கு 11 வருசத்துக்கு முதலே, 1957ல, சமூகக் குறைபாடுகளைத் தடை செய்யிற சட்டம் வந்திட்டுது. அங்க சட்டம் வேணும், பொலிஸும் வேணும், ஏனெண்டா வெளியில வெயிலுக்க நிண்டவனும் அதே சாமியைக் கும்பிட வந்தவன்தானே. ஒருத்தற்ற நம்பிக்கை இன்னொருத்தன்ர கழுத்தில கால் வைக்கேக்க சட்டம் அந்தக் காலைப் பிடிச்சு இழுக்கத்தான் வேணும். ஆனா பாருங்கோ, சட்டம் பிடிச்சது காலைத்தான். வாசல் திறந்தது, மனசு திறக்கிறதுக்கு பேரப்பிள்ளையள் வர வேண்டியிருந்தது, சில வீடுகள்ல இன்னும் வரேல்ல. எங்கட அரசியலமைப்பை எழுதினவைக்கே இது தெரிஞ்சிருக்கு. 10ஆம் உறுப்புரையில சிந்தனை, மனச்சாட்சி, மதம் எண்டு குடுத்த சுதந்திரத்துக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்ல, 14இல வாற வழிபாட்டுக்கும் அனுட்டானத்துக்கும்தான் கட்டுப்பாடு போடலாம். உள்ள இருக்கிறதை அவையே தொடேல்ல. உங்கட போஸ்டர் தொடப் பாக்குது.

இன்னொண்டு. சனம்தான் ஆதாரத்தைக் கேக்காது, அரசாங்கம் கேக்கும் எண்டு நினைக்காதேங்கோ. 2020ல கொரோனாவில செத்தவையை எரிக்கத்தான் வேணும் எண்டு வர்த்தமானி அடிச்சினம். புதைக்கலாம், எரிக்கலாம், ரெண்டும் சரி எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. நிலத்தடித் தண்ணியால பரவும் எண்டு இங்க சொன்னதுக்கு ஆதாரம் எங்க? பிறந்து 20 நாளான குழந்தையையும் எரிச்சாங்கள். கொழும்பு கனத்தை மயானத்து கேட்டில சனம் எதிர்ப்புக் காட்டி வெள்ளைத் துணி கட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். என்னோட வேலை செய்த கிண்ணியாக்கார முஸ்லிம் மிஸ் ஒராள், சிரிச்ச முகம் மாறாத ஆள், அந்த மாசங்கள்ல ஒரு நாள் டீ குடிக்கேக்க சொன்னா, வாப்பாக்கு காய்ச்சல், டெஸ்ட்டுக்குக் கொண்டு போகப் பயமா இருக்கு, செத்தா எரிச்சிடுவாங்க எண்டு. சுகாதாரத் துறையில இருக்கிற ஆள் இப்பிடி ஒளிக்க யோசிக்கிறா எண்டா மற்ற வீடுகள் என்ன செய்திருக்கும்? 2021 பெப்ரவரியிலதான் அதை மாத்தினவை, ஓட்டமாவடிக்குக் கொண்டு போய்ப் புதைக்க விட்டினம். 2024ல அமைச்சரவை மன்னிப்பும் கேட்டாச்சு. ஒரு முஸ்லிம் ஆளாவது அந்தச் சட்டத்தால எரிக்கிறது சரிதான் எண்டு மனசு மாறினதா நான் கேள்விப்படேல்ல. அதே 2020 டிசம்பர்லதானே கேகாலையில காளி சொல்லித் தந்த கொரோனாப் பாணி மருந்து எண்டு ஒருத்தர் வித்தார்? ஆயிரக்கணக்கில சனம் வரிசையில நிண்டது, சுகாதார அமைச்சரே குடிச்சுக் காட்டினா, அடுத்த மாசம் அவவுக்கே கொரோனா. எங்கட கிழவியளை மட்டும் போஸ்டரில போடாதேங்கோ எண்டுதான் சொல்ல வாறன்.

சரி, என்ர வண்டவாளத்தையும் சொல்லுறன். என்ர மகனுக்கு ஏ.எல். சோதனைக்கு முதல் மாசம் கொப்பளிப்பான். முதல் கொப்புளம் கண்ட அண்டைக்கே, 24 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கினாத்தான் நல்லா வேலை செய்யும் எண்டு தெரியும்தானே, டொக்டரைக் காட்டி அசைக்ளோவிர் எண்ட வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்கிட்டன். தொடங்கிட்டு வீட்ட வந்து நான் செய்த முதல் வேலை, பின்வளவு வேம்பில ரெண்டு கொத்து முறிச்சு ஒண்டை வாசல்ல கட்டி மற்றதைத் தலைமாட்டில வச்சதுதான். ஆரும் சொல்லேல்ல. மனுசன் தெரியாம பாரை மீன் வாங்கிக்கொண்டு வந்திட்டார், நான் பேசின பேச்சில மீனைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்திட்டு வெளியில போய் இருந்திட்டார். இரவு பொடியன் சொறிஞ்சு அழேக்க அம்மாளாச்சி கோபிக்காத தாயே, குளிந்து போ எண்டு வாய் தன்பாட்டில சொல்லுது. 20 வருசமா ஊருக்கு வைரஸ் எண்டு கிளாஸ் எடுத்த வாய். ஏன் சொன்னனான் எண்டு இப்பவும் தெரியாது. வைரஸ் எண்டது எனக்குப் படிப்பில வந்தது, அம்மாள் எண்டது காய்ச்சலுக்க கிடந்த என்னை அம்மா வேப்பிலையால தடவின கையில வந்தது. படிச்சதைப் பிழை எண்டு காட்டினா நான் மாத்திடுவன், அம்மான்ர கையை என்னெண்டு பிழை எண்டு காட்டுவீங்கள்?

அப்ப என்னதான் செய்யிறது எண்டு கேப்பீங்கள். ஒரு பழைய சூழ்ச்சி இருக்கு. 1800களின்ர தொடக்கத்தில சென்னப்பட்டினத்தில எல்லிஸ் துரை எண்டு ஒரு கலெக்டர், திருக்குறளுக்கு உரை எழுதினவர், பெரியம்மை வராம பசுவின்ர அம்மைப்பால் குத்துறதுக்கு சனம் பயப்பிடுது எண்டு ஒரு கதை கட்டினவர். தன்வந்திரியும் சக்தியும் கதைக்கிற மாதிரி, பசு தாற அஞ்சோட இந்த அம்மைப்பாலும் ஒரு கொடை எண்டு அம்மனே சொல்லுற மாதிரி. வாசிக்கேக்க எனக்கு முதல் சிரிப்பு, பிறகு எரிச்சல். கெட்டித்தனம்தான், ஆனா அம்மாள்ட வாயில கலெக்டர் கதை வைக்கிறது என்ன நியாயம்? உங்களுக்கு அப்பிடி யோசனை வந்தா விட்டிடுங்கோ, சனம் மணந்து பிடிச்சிடும்.

நான் கண்டது வேற. சில வருசத்துக்கு முதல் ஒரு பெட்டை, ஏழு மாசம், உடம்பு முழுக்கப் போட்டிட்டுது, மாமியார் ஆஸ்பத்திரிக்கு விடமாட்டன் எண்டு நிக்கிறா. நான் மாமியாரோட மல்லுக்கட்டாம நேர கோயில் பூசாரியாரிட்ட போனன். ஐயா, பெட்டைக்கு மூச்சு வாங்கினா ரெண்டு உயிர் எண்டு மட்டும் சொன்னன், வேற ஒரு கதையும் வைக்கேல்ல. அவர் கொஞ்ச நேரம் திருநீற்றுத் தட்டைப் பாத்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி, சட்டையும் போடாம என்னோட நடந்து வந்து, மாமியாரிட்ட சொன்னார்: "அம்மாள் எங்க போனாலும் கூட வருவா பிள்ளை, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டா எண்டு ஆர் சொன்னது?" அவ்வளவுதான். அவர் நடிக்கேல்ல, அது அவற்ற நம்பிக்கை. சீலைத் தலைப்பில வேப்பிலையை முடிஞ்சுகொண்டு பெட்டை ஓட்டோவில ஏறினாள்.

அங்க என்ன நடந்தது தெரியுமா? வார்டில ஒரு நேர்ஸ், எந்த ஆஸ்பத்திரி எண்டு நான் சொல்லேல்ல, முடிச்சை அவிழ்த்து இலையைக் குப்பை வாளிக்குள்ள போட்டிட்டு, இதெல்லாம் இங்க வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறா. பெட்டை சுகமாகி வந்தாள், பிள்ளையும் நல்லாப் பிறந்தது. ஆனா அந்தத் தெருவில கதை எப்பிடிப் போனது எண்டா, மருந்து சுகப்படுத்தினது எண்டு இல்ல, அம்மாளைக் குப்பையில போட்டினம், அப்பிடியிருந்தும் அம்மாள் காப்பாத்தினவ எண்டு. அடுத்த வருசம் அதே தெருவில மூண்டு பேருக்கு வந்தது. ஒருத்தரும் வாய் திறக்கேல்ல, தண்ணி வாத்த பிறகுதான் எனக்கே தெரியும். அந்த இலையை ஒரு பொலித்தீன் பையில போட்டு கட்டில் காலில கட்டி விட்டிருந்தா ஒரு நிமிசமும் போயிராது.

அதால நான் கேக்கிறது கொஞ்சம்தான். அந்தப் போஸ்டரைக் கழட்டுங்கோ. அம்மாள் இல்ல எண்டு நிரூபிக்கிற வேலையை விடுங்கோ, அது உங்கட வேலையும் இல்ல. கர்ப்பிணியள், வளந்த ஆக்கள், கைக்குழந்தையள், இந்த மூண்டு பேருக்கு மட்டும் கொப்புளம் கண்ட அண்டைக்கே ஒரு கோல் எடுங்கோ எண்டு கேளுங்கோ, மற்றதெல்லாம் அவை தங்கட பாட்டில செய்யட்டும். வாட்ஸ்அப்பில கிழவியளைப் பகிடி பண்ணி வீடியோ போடுற தம்பிமார், உங்கட வீட்டிலயும் ஒரு அம்மம்மா இருப்பா, முதல் அவவிட்ட அந்த வீடியோவைக் காட்டிட்டுப் போடுங்கோ.

வைகாசியில அம்மன் கோயில்ல குளிர்த்தித் திருவிழா வருது. நான் பூசாரியாரோட கதைச்சிட்டன், கோயில் வீதியில, தண்ணிப்பந்தலுக்குப் பக்கத்தில ஒரு மேசை போட இடம் தாறன் எண்டிட்டார், மைக்கில ரெண்டு நிமிசமும் தருவாராம். ஆனா கும்பம் வெளிக்கிட முதல் பேசி முடிச்சிடோணும், பிறகு ஒருத்தரும் கேக்க மாட்டினம். ரெண்டு பேர் வந்தாக் காணும், சோறு அன்னதானத்தில சாப்பிடலாம். லேஸ் கட்டின சப்பாத்து வேண்டாம், டக்கெண்டு கழட்டக்கூடிய செருப்பாப் போட்டுக்கொண்டு வாங்கோ.

இப்படிக்கு,
பென்ஷன் எடுத்த ஒரு மிட்வைஃப்,
திருகோணமலை